ஓக்லா கூடாரத்துல ஒரு வாரம் – டெல்லி ஆர்ட் ஃபேர் டைரி

திங்கள்

டெல்லி வந்து சேர்ந்தாச்சு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி. போபால் தாண்டினதும் ஸ்வெட்டர் எடுத்தேன், காலைல ஃபரிதாபாத் பக்கம் கண்ணத் தொறந்தா ஜன்னலுக்கு வெளிய ஒண்ணும் தெரியல, ஒரே பனி. எங்க கேலரி மேடம் நாளைக்கு ஃப்ளைட்ல வர்றாங்க, படங்க எல்லாம் போன வாரமே லாரில கிளம்பியாச்சு.

புதுசா படிக்கிறவங்களுக்காக: நான் சென்னைல ஒரு ஆர்ட் கேலரில வேலை பாக்கறேன். இந்த வருஷம் இந்தியா ஆர்ட் ஃபேர்ல எங்களுக்கு ஒரு பூத் கிடைச்சிருக்கு, சின்னதுதான், ஆனா கிடைச்சிருச்சு. 2008 ஆகஸ்ட்ல பிரகதி மைதான்ல 'இந்தியா ஆர்ட் சம்மிட்'னு ஆரம்பிச்ச விழா இது. 2012ல பேரையும் மாத்தி இடத்தையும் மாத்தி ஓக்லா என்எஸ்ஐசி மைதானத்துக்கு வந்துச்சு, இப்பவும் அங்கதான் பெரிய பெரிய கூடாரம் போட்டு நடத்துறாங்க. வியாழன்லேருந்து ஞாயிறு வரைக்கும். நாங்க நாலு ஆர்ட்டிஸ்ட்டக் கொண்டு வர்றோம். நாலு பேருமே தமிழ்நாடு, நாலு பேரும் நாலு விதம். அவங்க பேர இங்க போடல, படத்த எப்படி மாட்டினோம் யார் வந்து பாத்தாங்கன்னு எழுதத்தான் இந்த டைரி.

தங்கறது ஆர்.கே.புரம் அத்தை வீட்ல. ஸ்டேஷன்லேருந்து வர்ற வழில சர்தார் படேல் மார்க் முனைல பதினோரு பேர் சிலை, இங்க 'க்யாரா மூர்த்தி'ம்பாங்க. காந்தி கம்ப ஊனிட்டு முன்னால நடக்க, பின்னால பத்துப் பேர். பழைய ஐநூறு ரூபா நோட்டுக்குப் பின்பக்கம் இருந்தது இதேதான். இத செஞ்சவரு தேவி பிரசாத் ராய் சௌத்ரி, எங்க எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பிரின்சிபாலா இருந்தவரு, மெரினால உழைப்பாளர் சிலை செஞ்சவரும் அவர்தான், 1959. டிரைவர்கிட்ட "பையா, ஏக் மினிட்"னு சொல்லி ஓரமா நிறுத்தச் சொன்னேன். கடைசி ஆளோட முதுக மட்டும் பாருங்க, முன்னாடி இருக்கற ஆளு இழுக்கற இழுப்பு அந்த முதுகுல தெரியும். எழும்பூர்ல நாங்க களிமண் பிசைஞ்ச அதே ஷெட்ல இவர் வேலை பாத்திருப்பாருன்னு நினைச்சப்ப எனக்கு டெல்லி கொஞ்சம் பக்கத்துல வந்த மாதிரி இருந்துச்சு.

அத்தை வீட்ல வெந்நீர், அடை, அவியல். தூங்கப் போறேன்.

செவ்வாய்

காலைல மெட்ரோ, மெஜந்தா லைன், ஆர்.கே.புரத்துலயே ஏறி ஓக்லா என்எஸ்ஐசி ஸ்டேஷன்ல இறங்கிட்டா மைதானம் பக்கம்தான். நீங்க டிவில பாக்கற ஆர்ட் ஃபேர் வேற, செவ்வாய்க்கிழமை ஆர்ட் ஃபேர் வேற. எங்க பாத்தாலும் ப்ளைவுட் தூசி, பெயிண்ட் வாசனை, ஏணி, சுவத்துக்கு ரெண்டாவது கோட்டு இன்னும் காயல, நாலா பக்கமும் ட்ரில் சத்தம்.

எங்க பெட்டிங்க வந்து இறங்கினப்ப ஒரு பெட்டியோட மூலை நசுங்கி இருந்துச்சு. உள்ள இருந்தது கருங்கல், அதனால தப்பிச்சோம், அதே இடத்துல கண்ணாடி ஃப்ரேம் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே முடியல. பெட்டி ஒவ்வொண்ணா தொறந்து, ஃபோம எடுத்து, பட்டர் பேப்பர பிரிச்சு, சென்னைல எடுத்த போட்டோவ பக்கத்துல வச்சு டார்ச் அடிச்சு ஓரம் ஓரமா பாக்கணும், கீறல் இருக்கா, பூஞ்சை இருக்கா, நூல் பிரிஞ்சிருக்கா. இதுக்குப் பேர் கண்டிஷன் ரிப்போர்ட். பொறுமை இல்லாதவங்களால இந்த வேலை பாக்க முடியாது. எனக்கு இதுல பிடிச்சதே இதுதான், வேற யாருக்கும் ஒரு படத்த இவ்ளோ கிட்டக்க இவ்ளோ நேரம் பாக்கக் கிடைக்காது.

லைட் மாட்ட வந்த தம்பி எங்க பெட்டி மேல ஒட்டியிருந்த 'சென்னை' லேபிளப் பாத்துட்டு, "அக்கா, நீங்க தமிழா?"ன்னு கேட்டான். திரிலோக்புரில பொறந்து வளர்ந்த பையன், தாத்தா காலத்துல விழுப்புரம் பக்கத்துலேருந்து வந்த குடும்பம், தமிழ் பேசினா நடுவுல இந்தி தானா வந்து விழுது. ஜங்புராவுல தமிழ்க் குடும்பங்க வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்ல இருந்த அவன் சித்தி குடும்பம் 2025 ஜூன்ல அத இடிச்சப்புறம் நரேலா போயிட்டாங்களாம், அது ஊரோட அந்தக் கோடி, சித்திக்கு வீட்டு வேலை இன்னும் ஜங்புராலதான், விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறணும். இத சொல்லிக்கிட்டே ஏணி மேல நின்னு லைட்டத் திருப்பிட்டே இருந்தான். கேட்டுட்டு நிக்கறதத் தவிர எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல.

கருங்கல்லு வைக்கறப்ப இவன்தான் காப்பாத்தினான். ரெண்டு சிற்பம், பெரியது நூறு கிலோவுக்கு மேல. கூடாரத்துக்குத் தரை மண்ணு கிடையாது, சட்டம் அடிச்சு மேல பலகை போட்டு அதுக்கும் மேல கார்பெட், ஜனங்க நடந்தாலே லேசா அதிரும். தம்பி செருப்பக் கழட்டிட்டு குதிகாலால கார்பெட்ட அங்கங்க தட்டிப் பாத்தான். டொக் டொக்னு வெறும் சத்தம் வந்த எடத்துல தலைய ஆட்டினான், சத்தம் அமுங்கின எடத்துல "இங்க கீழ சட்டம் ஓடுது அக்கா, இங்க வைங்க"ன்னான். சாக்பீஸ்ல கோடு போட்டு அதுக்கு மேலயே பீடத்த வச்சோம். அப்புறம் பக்கத்துல ரெண்டு பேர வேகமா நடக்கச் சொல்லிப் பாத்தேன், கல்லு அசையல.

புதன்

இன்னிக்கு முழுக்க மாட்டற வேலை. நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க, இந்த வாரத்துலயே எனக்கு முக்கியமான நாள் இதுதான்.

மொதல்ல யார் என்னன்னு சொல்லிடறேன். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரில படிச்ச அண்ணன் ஒருத்தர், மெல்லிசு பேனால கருப்பு மைல கோடு கோடா போட்டு டெல்டாவோட செங்கல் சூளைங்கள வரைவாரு, ஒரு படத்துக்கு மாசக்கணக்கு ஆகும். திருப்பூர் அக்கா, பனியன் கம்பெனில கழிச்சுப் போடற வெட்டுத் துணிய கையால தைச்சு சுவர் அளவுக்கு விரிப்பாங்க. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரில மரபு முறைல கத்துக்கிட்டு வந்த சிற்பி. அப்புறம் வேதாரண்யத்து உப்பளத்த வாட்டர்கலர்ல வரையற சின்னப் பையன், நாலு பேர்ல இவன்தான் இளையவன், ஃபேர் இதுதான் அவனுக்கு மொதல் தடவை.

சென்னைலேருந்தே பிளான் போட்டு வந்திருந்தோம். ஆளுக்கொரு சுவர், சமமா, யாருக்கும் மனக்கஷ்டம் வரக்கூடாதுன்னு. பிளான்படி மாட்டிட்டு மேடமும் நானும் நடைபாதைல போய் நின்னு பாத்தோம். சரியா வரல. துணியோட சிவப்பும் மஞ்சளும் கத்துது, பக்கத்துச் சுவத்து உப்பளம் அப்படியே வெளிறிப் போச்சு. பேனாப் படம் வலது ஓரத்துல யாரும் திரும்பாத மூலைல. கல்லு நடுவுல தனியா, யாரோ வச்சிட்டு மறந்துட்டுப் போன மாதிரி. நாலு பேரோட படமும் நல்ல படம், ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசவே இல்ல.

நாலஞ்சு ஆர்ட்டிஸ்ட்ட ஒரே பூத்ல வைக்கறது கல்யாணப் பந்தில ஆள உக்கார வைக்கற மாதிரிதான், யார் பக்கத்துல யாருங்கறதுலதான் எல்லாமே இருக்கு. சம பங்கு குடுத்துட்டா நியாயம் ஆயிடாது. மேடம்கிட்ட எல்லாத்தையும் இறக்கிடலாம்னு சொன்னேன். மணி மூணு, நாளைக்குக் காலைல ப்ரிவ்யூ. ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, "இறக்கு"ன்னாங்க. அதுக்காகவே அவங்கள எனக்குப் பிடிக்கும்.

பின் சுவத்துல பேனாப் படம் மட்டும், ரெண்டே ரெண்டு, நடுவுல நல்லா காலி இடம் விட்டு. அதுக்கு முன்னால கருங்கல். அப்பதான் ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. சிற்பி கல்ல ஒரு பக்கம் பாலிஷ் போட்டுட்டு மறுபக்கம் உளி கொத்தினத அப்படியே விட்டிருக்காரு, சின்னச் சின்னப் புள்ளி, வரிசையா, கை போன திசைல சாஞ்சு சாஞ்சு போகுது. பேனாப் படத்துல சூளைப் புகைய அண்ணன் போட்டிருக்கறதும் அதே மாதிரி குட்டிக் குட்டிக் கோடு, அதுவும் அதே சாய்வு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே கிடையாது. ரெண்டு பேருமே பொறுமையா ஒரு தட்டு, அடுத்த தட்டுன்னு கட்டி எழுப்பினவங்க. லைட் தம்பிய கூப்பிட்டு ஒரு விளக்க பக்கவாட்டுல சாய்க்கச் சொன்னேன், உளிப் புள்ளி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொட்டு நிழல் விழுந்துச்சு, நாங்க மூணு பேரும் பேசாம நின்னுட்டோம்.

திருப்பூர் அக்கா துணிய நடைபாதைய ஒட்டின சுவத்துக்கு மாத்தினோம், தூரத்துலேருந்தே ஜனங்கள இழுக்கும். சுவத்தோட ஒட்டாம ரெண்டு மூணு இஞ்ச் தள்ளித் தொங்கவிட்டோம், பின்பக்க முடிச்சும் நூல் நுனியும் ஓரத்துல எட்டிப் பாக்கும், அக்காவே அப்படித்தான் கேட்டிருந்தாங்க, தைச்ச கை தெரியணும்னு. உப்பளத்துக்கு எதிர்ச் சுவர், ஹால் வெளிச்சம் கண்ணாடில அடிக்காத கோணம். படத்தோட நடு எல்லாம் தரைலேருந்து 58 இஞ்ச், லேசர் லெவல் வச்சுக் கோடு போட்டுட்டு ரசமட்டம் வச்சு இன்னொரு தடவை.

கடைசியா ஓவியர் ஆதிமூலம். மேடமோட சொந்தக் கலெக்‌ஷன்லேருந்து ஒரு சின்ன காந்தி கோட்டோவியம், விக்கறதுக்கு இல்ல. 1969ல காந்தி நூற்றாண்டப்ப அவர் காந்திய வரிசையா வரைஞ்சு தள்ளினாரு, தமிழ்ச் சிறுபத்திரிகை படிச்ச யாருக்கும் அந்தக் கோடு தெரியும். அவர் இறந்தது 2008 ஜனவரில, இந்த ஃபேர் ஆரம்பிச்சது அதே வருஷம் ஆகஸ்ட்ல. பேனாப் படத்துக்குப் பக்கத்துல மாட்டலாம்னு மேடம் சொன்னாங்க, கருப்பு மை, கோடு, பொருந்தும்னு. நான் வேணாம்னேன். பொருந்தறதுதான் பிரச்சனை. பக்கத்துல வச்சா வர்றவங்க எல்லாம் 'ஓ, ஆதிமூலம் ஸ்கூல்'னு ஒரே வார்த்தைல கும்பகோணத்து அண்ணன முடிச்சிட்டுப் போயிடுவாங்க. உப்பளப் பையன் பக்கத்துல மாட்டினோம். பிரஷ்ல மை தீர்ந்து வெள்ளைக் காகிதம் கோட்டுக்கு உள்ளயே தெரியற எடம் ஒண்ணு காந்தியோட தோள்பட்டைல இருக்கு, பையன் உப்பு மேட்ட வரையாம வெறும் காகிதமா விட்டிருக்கானே, அதுக்கு நேர் பக்கத்துல. அந்த ரெண்டு வெள்ளையும் சேர்ந்தப்ப பையன் படத்துக்குத் தனி தைரியம் வந்துச்சு.

ராத்திரி பதினொண்ணுக்கு அத்தை வீடு. ரசம் சாதம்.

வியாழன்

ப்ரிவ்யூ. அழைப்பிதழ் இருக்கறவங்களுக்கு மட்டும். பட்டுப் புடவை, பந்த்கலா, ஷூ சத்தம், ஒருத்தர் கைலயும் டீ இல்ல, எல்லார் கைலயும் போன். மொதல் ரெண்டு மணி நேரம் வந்தவங்க முக்கால்வாசி பேர் லேபிளப் படிச்சிட்டுத்தான் படத்தப் பாத்தாங்க, சிலர் லேபிளோட நிறுத்திக்கிட்டாங்க. வருத்தமா இருந்துச்சு, உண்மையச் சொல்றேன். அப்புறம் ஒரு வயசானவர் வந்தாரு, லேபிளே பாக்கல, நேரா கல்லுகிட்ட போய் குனிஞ்சு உளிக் கொத்து பக்கம் கண்ண வச்சு, நிமிர்ந்து பின்னால இருக்கற பேனாப் படத்தப் பாத்து, திரும்பக் குனிஞ்சாரு. நாங்க நேத்து மூணு மணிக்கு எல்லாத்தையும் இறக்கினது இந்த ஒரு ஆளுக்காகன்னு வச்சுக்கலாம். சின்னக் கல்ல அவர்தான் எடுத்துக்கிட்டாரு, வித்தாச்சுங்கறதுக்கு அடையாளமா சிவப்புப் பொட்டு ஒட்டினேன்.

பேச்சு எல்லாம் விலை பத்திதான். ஓவியர் எம்.எஃப். ஹுசைனோட 'கிராம் யாத்ரா', 1954ல வரைஞ்சது, ஆஸ்லோல ஒரு ஆஸ்பத்திரில பல வருஷம் இருந்த படம், 2025 மார்ச்ல நியூயார்க் ஏலத்துல 118 கோடிக்குப் போச்சு இல்லையா, அதிலேருந்து எல்லாரும் 'இப்ப யார வாங்கினா ஏறும்'னுதான் கேக்கறாங்க. இந்திய ஓவியத்துக்கு அப்படி ஒரு விலை கிடைச்சதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா நம்ம இருபத்தாறு வயசுப் பையனோட உப்பளப் படத்துக்கு முன்னாடி வந்து நின்னு அந்தக் கேள்விய கேட்டா பையன் என்ன பண்ணுவான்? பில் போடறப்ப ஒரு நல்ல விஷயம், ஓவியம் சிற்பத்துக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துலேருந்து 5 ஆயிருச்சு 2025 செப்டம்பர்ல. எங்கள மாதிரி சின்ன கேலரிக்கு, மொதல் தடவை படம் வாங்கற ஆளுக்கு, அது பெரிய வித்தியாசம்.

வெள்ளி

கூட்டம், நின்னு நின்னு கால் வலி, லேசான காய்ச்சல். பேனாப் படம் ஒண்ணு மும்பைக்காரங்களுக்கு ஹோல்ட், அதாவது வேற யாருக்கும் குடுக்காம எடுத்து வச்சிருக்கோம். வேற ஒண்ணும் எழுதத் தெம்பு இல்ல.

சனி

மதியம் மேடம் என்ன ரெண்டு மணி நேரம் விட்டாங்க, மத்த பூத்தெல்லாம் சுத்தினேன். மாடர்ன் மாஸ்டர்ஸ் வச்சிருக்கற பெரிய கேலரிங்க பக்கம் போனா பம்பாய் ப்ரோக்ரசிவ் குழு ஓவியருங்கதான் சுவர் சுவரா இருக்காங்க, சூசா, ரசா, ஹுசைன். நம்ம மெட்ராஸ் ஆளுங்கள தேடித்தான் பாக்கணும். ஒரு இடத்துல கே.சி.எஸ். பணிக்கர், 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசை, ஜாதகக் கட்டம் மாதிரி கோடு, எழுத்து மாதிரி ஆனா படிக்க முடியாத எழுத்து. கோயம்புத்தூர்ல பொறந்தவரு, எழும்பூர் கல்லூரில ராய் சௌத்ரிக்கு அப்புறம் பிரின்சிபால். 1966ல இவரோட சேர்ந்துதான் ஆர்ட்டிஸ்ட்டுங்க இஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம்ங்கற ஓவியர் கிராமத்தக் கட்டினாங்க. அந்த நிலத்த வாங்க யாரும் தானம் குடுக்கல, கவர்மெண்ட்டும் குடுக்கல, மெழுகு வச்சுச் சாயம் போடற பாத்திக் துணி, கைவினைப் பொருள் செஞ்சு வித்த காசுல ஆர்ட்டிஸ்ட்டுங்களே வாங்கினாங்க. பாதி நாள் துணிக்குச் சாயம், பாதி நாள் ஓவியம். இந்தக் கூடாரத்துல நிக்கறப்ப அது எனக்கு ரொம்ப உறைக்குது. விக்கறதுக்குன்னு ஒண்ணு, தனக்குன்னு ஒண்ணுன்னு தெளிவா பிரிச்சு வச்சிருந்தாங்க.

இன்னும் கொஞ்சம் தள்ளி ஓவியர் கே. ராமானுஜம். பேனாவும் மையும், மாளிகை, கோபுரம், பாம்பு, பறவை, ஒரு விரல் வைக்க இடம் விடாம நிரப்பின கனவு. பேசவே கஷ்டப்பட்ட மனுஷன், சோழமண்டலத்துல இருந்தாரு, 1973ல போய்ச் சேர்ந்துட்டாரு, முப்பது சொச்சம் வயசுதான். அந்தப் படத்துக்கு முன்னாடி இந்திக்காரப் பசங்க ரெண்டு பேர் மூக்கு படத்தோட கண்ணாடில இடிக்கற அளவுக்குக் கிட்டக்க நின்னு ஒவ்வொரு மூலையா காட்டிக் காட்டிப் பேசிட்டிருந்தாங்க. பக்கத்துல போய் நானும் சேர்ந்துக்கிட்டேன், எனக்குத் தெரிஞ்ச ஓட்ட இந்தில அவரப் பத்தி சொன்னேன். பக்கத்துலயே இருக்கற ஜாமியா யுனிவர்சிட்டில ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கறாங்களாம். எங்க பூத் நம்பர எழுதிக் குடுத்தேன்.

ஞாயிறு

அந்தப் பசங்க வந்தாங்க, கூட இன்னும் அஞ்சாறு பேர். வாங்கற கூட்டம் இல்ல, கேள்வி கேக்கற கூட்டம். என்ன நிப், என்ன பேப்பர், கல்லு எங்கேருந்து வருது, கருங்கல்லுக்கு உளிய எத்தன தடவை தீட்டணும். சிற்பி அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன், அவர் பட்டறைலேருந்தே உளியத் தூக்கிக் காட்டி தமிழ்ல சொல்ல, நான் இந்தில சொல்ல, அரை மணி நேரம் போச்சு. பின்னாடி படம் வாங்கிச் சேர்க்கற ஆர்ட் கலெக்டர் ஒருத்தர் காத்திருந்தாங்க, மேடம் அவங்களப் பாத்துக்கிட்டாங்க, என்ன கூப்பிடல.

மூணு மணிக்கு அத்தை வந்தாங்க, மலை மந்திர் கோயில் தோழிங்க மூணு பேரோட. மத்திய அரசு ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க, இத்தனை வருஷம் டெல்லில இருந்தும் இந்த ஃபேருக்கு வந்ததில்ல, "அதெல்லாம் நமக்கில்லடி"ம்பாங்க. திருப்பூர்த் துணிக்கு முன்னால நின்ன ஒரு மாமி ஓரத்துல தெரிஞ்ச முடிச்சப் பாத்துட்டு, "இது சங்கிலித் தையல், நடுவுல மாத்தி காஜாத் தையல் போட்டிருக்கா பாரு, துணி அங்க பிரியும்னு தெரிஞ்சு போட்டிருக்கா"ன்னாங்க. நாலு நாளா வந்த எந்தக் கலெக்டரும் எந்த விமர்சகரும் அதக் கவனிக்கல. உடனே அக்காவுக்கு போன் போட்டு மாமி கைலயே குடுத்துட்டேன். ரெண்டு பேரும் பத்து நிமிஷம் தையல் பத்திப் பேசினாங்க. அத்தை மட்டும் உப்பளம் முன்னாடி. அவங்க பொறந்தது நாகப்பட்டினம். "பாத்தில தண்ணி ஏத்தின மொத நாள் இப்படித்தான் இருக்கும்"னு பையன்கிட்ட சொன்னாங்க, பையன் முகத்த நீங்க பாத்திருக்கணும்.

ஆறு மணிக்கு லைட் தம்பி வந்தான், அவன் தங்கச்சியோட. சாய்ச்சு வச்ச விளக்க அவளுக்குக் காட்டினான், "நான்தான் போட்டேன்".

திங்கள்

பிரிச்சாச்சு. துணி குர்கான்ல ஒரு ஆபீஸுக்குப் போகுது, சூரிய வெளிச்சம் நேரா படக்கூடாதுன்னு எழுதி வாங்கிக்கிட்டோம். பேனாப் படம் ஒண்ணு மும்பைக்கு, ஹோல்ட் உறுதி ஆயிருச்சு, இன்னொண்ணு திரும்ப வருது. பெரிய கல்லும் திரும்ப வருது, பெட்டியோட மூலைக்குப் புதுப் பலகை அடிச்சாச்சு. உப்பளப் படத்துல ரெண்டு வித்துப் போச்சு, ஒண்ண வாங்கினது பள்ளிக்கூட டீச்சர், மூணு தவணைல தர்றேன்னாங்க, மேடம் சரின்னுட்டாங்க. ஆதிமூலம் படம் மேடம் கூடவே ஃப்ளைட்ல.

கமெண்ட்ல நிறைய பேர் கேட்டிருந்தீங்க, இவங்கள எல்லாம் பாக்க டெல்லிக்குத்தான் போகணுமான்னு. வேணாம். ஈசிஆர்ல இஞ்சம்பாக்கம் ஸ்டாப்ல இறங்குங்க, சோழமண்டலம் உள்ள, மெட்ராஸ் இயக்கம்னு சொல்ற நம்ம மெட்ராஸ் ஆர்ட்டிஸ்ட்டுங்களுக்குன்னே 2009லேருந்து ஒரு மியூசியம் இருக்கு, பணிக்கர் ராமானுஜம் எல்லாம் அங்கயே இருக்காங்க, கூட்டமும் இருக்காது. எழும்பூர் மியூசியம் போறவங்க வெண்கலச் சிலையோட திரும்பிடாம ஓவியப் பகுதிக்கும் போங்க. விக்காம திரும்பி வர்ற உப்பளப் படங்களும் பெரிய கல்லும் அடுத்த மாசம் நம்ம கேலரிலயே மாட்டறோம், பேனாப் படத்துக்கு எதிர்லதான் கல்லு, இந்தத் தடவை சிற்பி அண்ணனும் கும்பகோணத்து அண்ணனும் நேர்ல வர்றாங்க. தேதி முடிவானதும் இங்கயே போடறேன்.